மூன்று மணி நேரத்தில் 140 கோடி யென்! உங்கள் கார்டு கடல் தாண்டினால் என்ன ஆகும் தெரியுமா?

2016-ஆம் ஆண்டு மே 15, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் அப்போதுதான் பொழுது விடிகிறது. காலை 5 மணி. டோக்கியோவிலும் இன்னும் 16 மாகாணங்களிலும் இருக்கும் சில்லறைக் கடைகளுக்குள் சுமார் 100 பேர் தனித்தனியாக நுழைகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் கார்டுகள். ஏடிஎம்மில் செருகுகிறார்கள். ஒரு தடவைக்கு எடுக்கக்கூடிய உச்சவரம்பு 1 லட்சம் யென், அதை எடுக்கிறார்கள். மறுபடி செருகுகிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள். எட்டு மணி அடிப்பதற்குள் ஏறத்தாழ 1,400 ஏடிஎம்கள், 14,000 தடவை, 140 கோடி யென்!

யாருடைய பணம் தெரியுமா? ஜப்பானில் ஒருவருக்கும் ஒரு யென்கூட நஷ்டமில்லை. பூமியின் மறுகோடியில், தென்னாப்பிரிக்காவின் ஸ்டாண்டர்டு வங்கிப் பணம் அது. அந்த வங்கியின் கார்டு விவரங்களை வெற்று அட்டைகளில் ஏற்றி, ஜப்பானில் வந்து உறிஞ்சிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்போது மணி என்ன? சனிக்கிழமை இரவு 10! வங்கி மூடியிருக்கும், ஊரே வார விடுமுறையில் இருக்கும். ஒருவருடைய பர்ஸும் தொலையவில்லை, ஒருவருடைய சட்டைப்பையிலும் கை வைக்கவில்லை.

கார்டுத் திருட்டின் சூட்சுமம் மொத்தமும் இந்த ஒரு காலைப்பொழுதில் இருக்கிறது. தகவல் ஓர் ஊரில் திருடப்படும், பணம் இன்னோர் ஊரில் எடுக்கப்படும். நடுவில் இருக்கும் கடலும், நேர வித்தியாசமும், மொழியும்தான் திருடனுக்குக் காவல். நாம் வெளிநாடு கிளம்பும்போது நாமே போய் அந்த இடைவெளிக்குள் நிற்கிறோம்!

இஸ்திரிப் பெட்டி இல்லையென்றால் கார்டே இல்லை

கார்டின் முதுகில் ஓடுகிற அந்தக் கறுப்புப் பட்டை எப்படிப் பிறந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கம். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கு அடையாள அட்டை செய்துகொண்டிருந்தார் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி. காந்த நாடாத் துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட வேண்டும். எந்தப் பசையைப் போட்டாலும் நாடா சுருங்கியது, கோணலானது. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். மனைவி டோரத்தியா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவர், "இதை வைத்துத் தேய்த்துப் பாருங்களேன்" என்ற பொருளில் ஒரு யோசனை சொன்னார். தேய்த்தார். ஒட்டிக்கொண்டது! இன்று உலகம் முழுக்கக் கோடானுகோடிக் கார்டுகளின் முதுகில் இருப்பது, ஓர் இல்லத்தரசியின் இஸ்திரிப் பெட்டி தந்த பட்டை.

ஆனால் அந்தப் பட்டை என்ன என்று யோசித்துப் பாருங்கள். பாட்டுக் கேசட்டில் இருந்த அதே காந்த நாடாதான்! ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்குப் பாட்டுப் பதிவு செய்த தலைமுறைக்கு இதற்குமேல் விளக்கமே வேண்டாம். கார்டு எண், காலாவதித் தேதி, பெயர், ஒரு சிறிய சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் பதிவாகி, அப்படியே கிடக்கின்றன. உள்ளங்கையில் மறைத்து வைக்கக்கூடிய ஒரு கருவியில் ஒரு தடவை இழுத்தால் போதும், நகல் தயார். உணவகத்தில் பில்லோடு கார்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போகும் பணியாளருக்கு அந்த ஒரு நொடி கிடைக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் மெஷினை மேசைக்கே கொண்டு வந்துவிடுவார்கள். அமெரிக்காவில் இன்றும் பல உணவகங்களில் கார்டு உள்ளே போய்த்தான் திரும்பும். அங்கே எழுந்து கவுண்ட்டர் வரை கூடவே போவதில் வெட்கம் எதற்கு?

இந்தப் பட்டைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பதும் தெரியுமா? 2029 முதல் பட்டை வைத்த புதுக் கார்டு தருவதில்லை, 2033-க்குள் பட்டையுள்ள கார்டே இருக்காது என்று மாஸ்டர்கார்டு நிறுவனம் 2021-லேயே அறிவித்துவிட்டது. அதுவரை நம் கார்டின் முகத்தில் ஒரு பூட்டும் முதுகில் ஒரு திறந்த ஜன்னலும் இருக்கின்றன.

ரகசியத்தைச் சொல்லாத சிப்

முகத்தில் இருக்கும் அந்தப் பூட்டுதான் சிப். 1974-இல் ரோலான் மொரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் அட்டைக்குள் மின்சுற்றைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். 1992-க்குள் பிரான்ஸின் வங்கிக் கார்டுகள் அத்தனையிலும் சிப் ஏறிவிட்டது. அமெரிக்கா எப்போது அசைந்தது தெரியுமா? 2015 அக்டோபரில்தான்! சிப் இல்லாத மெஷினை வைத்திருக்கும் கடைக்காரரே போலிக் கார்டு நஷ்டத்தைச் சுமக்க வேண்டும் என்று கார்டு நிறுவனங்கள் அன்று விதியை மாற்றிய பிறகே அங்கே சிப் பரவியது. பிரான்ஸ் ஓடிய தூரத்துக்கு அமெரிக்கா 23 வருஷம் பின்தங்கி இருந்தது. ஐரோப்பாவில் திருடிய விவரம் அமெரிக்காவுக்குப் பறந்துபோய்ப் பணமானதற்கு இதுவே காரணம்.

சிப்பின் அழகே அது ரகசியத்தை வெளியே சொல்லாததுதான். உள்ளே ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. மெஷின் கேள்வி கேட்கும். சிப் அந்தச் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் தரும். அந்த விடை அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லும். அடுத்த தடவை வேறு கேள்வி, வேறு விடை. ஒட்டுக்கேட்டு என்ன பயன்?

இன்னொரு அதிசயம் கேளுங்கள். உங்கள் கார்டில் சிவிவி எத்தனை? ஒன்று என்பீர்கள். மூன்று! பின்பக்கம் அச்சிட்டிருப்பது ஒன்று, காந்தப் பட்டைக்குள் ஒளிந்திருப்பது இன்னொன்று, சிப்புக்குள் இருப்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு எண்கள். சிப்பிலிருந்து யாராவது தகவலை உருவிப் பட்டைக் கார்டு செய்தால், எண் பொருந்தாமல் வங்கியிடம் மாட்டிக்கொள்வார்கள். வங்கி அந்த எண்ணைச் சரிபார்த்தால்! 2020-இல் ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 10 வங்கிகளின் 11 கார்டுகளைச் சோதித்தார்கள். நான்கில் இந்தத் தில்லுமுல்லு பலித்துவிட்டது. பூட்டைத் தயாரித்தவர்கள் சரியாகவே தயாரித்தார்கள், பூட்ட வேண்டியவர்கள் சிலர் மறந்துபோனார்கள்.

ஏடிஎம்மின் கார்டு வாய்க்குள், காகிதக் கனத்தில், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாதபடி ஒரு மின்சுற்றுத் தகட்டைச் செருகி வைக்கிற திருடர்கள் குறிவைப்பது இந்த மறதியைத்தான். 'ஷிம்மர்' என்பது அதன் பெயர். செருகும் வாயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கழன்று வந்தால் போலி என்று சொல்லிக் கேட்டிருப்போம். அது மேலே ஒட்டும் பழைய கருவிக்குத்தான் சரி. உள்ளே இருக்கும் ஷிம்மர் ஆட்டினால் வராது.

எக்ஸ்-ரே எடுத்த கார்டுகள்

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை இது. கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

2011. பிரான்ஸில் திருடுபோன சில கார்டுகள் பக்கத்து நாடான பெல்ஜியத்தில் கடைகளில் வேலை செய்கின்றன. எப்படி? சிப் கார்டு ஆயிற்றே, பின் நம்பர் தெரியாமல் ஒரு சிகரெட் பாக்கெட்கூட வாங்க முடியாதே? போலீஸ் தடயம் தொடர்ந்து போய் ஒரு கும்பலைப் பிடித்தது. அந்தக் கும்பல் பயன்படுத்தியவை 40 கார்டுகள். ஆனால் கைப்பற்றிய கார்டைப் பிரித்துப் பார்க்க முடியாது. நீதிமன்றச் சான்று, சேதமாகக் கூடாது. ஆகவே ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கார்டுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள்!

படத்தில் தெரிந்தது, ஒரு சிப்பின் மேல் இன்னொரு சிப். திருடிய கார்டின் உண்மையான சிப்பை வெட்டி எடுத்து, அதன்மேல் இன்னொரு குட்டிச் சிப்பை ஒட்டி, வேறோர் அட்டையில் பதித்திருந்தார்கள். மெஷின் "பின் நம்பர் சரியா?" என்று கேட்கும்போது மேலே இருக்கும் சிப் முந்திக்கொண்டு "சரி" என்று சொல்லிவிடும். எந்த நான்கு எண்ணை அழுத்தினாலும் "சரி"! மற்ற கேள்விகளுக்கெல்லாம் கீழே இருக்கும் அசல் சிப் நேர்மையாக விடை சொல்லும். மெஷினுக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு பொய்சொல்லியை உட்கார வைத்துவிட்டார்கள். இப்படி ஏறத்தாழ 7,000 பரிவர்த்தனைகள், 6 லட்சம் யூரோவுக்குச் சற்றுக் குறைவான தொகை.

இதைவிட வியப்பு, இந்த ஓட்டையை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே கட்டுரையாக எழுதிக் காட்டியிருந்தார்கள். அவர்கள் செய்து காட்டிய கருவி ஒரு பைக்குள் வைத்துத் தூக்க வேண்டிய அளவில் இருந்தது. அதை நகத்தளவுக்குச் சுருக்கிவிட்டது பிரெஞ்சுக் கும்பல். ஐரோப்பாவில் இந்த ஓட்டையை அதன்பின் அடைத்துவிட்டார்கள் என்பது ஆறுதல்.

ஷில்லாங்கில் பிறந்த பிள்ளையும் நான்கு இலக்கமும்

உலகின் முதல் ஏடிஎம் 1967 ஜூன் 27-ஆம் தேதி வடக்கு லண்டனின் என்ஃபீல்டில், பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பேரன் எங்கே பிறந்தார் தெரியுமா? இன்றைய மேகாலயாவின் ஷில்லாங்கில், 1925-இல்! அவர் முதலில் நினைத்தது ஆறு இலக்க ரகசிய எண்ணை. சமையலறை மேசையில் மனைவி கரோலினிடம் கேட்டிருக்கிறார். நான்கு இலக்கத்துக்குமேல் எனக்கு நினைவில் நிற்காது என்றார் அம்மையார். அதையே அவர் வைத்துக்கொண்டார், உலகமும் வைத்துக்கொண்டது. பட்டைக்கு ஒரு மனைவி, ரகசிய எண்ணுக்கு ஒரு மனைவி!

நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள் உண்டு. ஆனால் நாம் அத்தனையையுமா பயன்படுத்துகிறோம்? பிறந்த தேதியை வைப்பவர்கள் ஏராளம். பர்ஸும் அதற்குள் பிறந்த தேதி போட்ட அடையாள அட்டையும் சேர்ந்து கிடைத்தால், 11 பர்ஸில் ஒன்றில் திருடன் ரகசிய எண்ணைச் சரியாக ஊகித்துவிடலாம் என்று 2012-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வெளிநாட்டுப் பயணத்தில் நாம் கார்டை எதோடு சேர்த்து வைக்கிறோம்? பாஸ்போர்ட்டோடு! அதில் பிறந்த தேதி கொட்டை எழுத்தில் இருக்கிறதே! உங்கள் ரகசிய எண் உங்கள் பிறந்த நாளாகவோ வருஷமாகவோ இருந்தால், தயவுசெய்து, விமானம் ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஒரு குழு, கையால் மூடி எண் அழுத்துவோரைக் காணொளி எடுத்து, ஒரு கணினிக்குக் காட்டிப் பழக்கியது. மூடிய கையின் முதுகும் மணிக்கட்டும் அசைகிற அசைவைக் கொண்டே, மூன்று முயற்சிக்குள், 100-க்கு 41 நான்கிலக்க எண்களைக் கணினி கண்டுபிடித்துவிட்டது! ஐந்து இலக்கமானால் 30 ஆகக் குறைந்தது. இதற்காக மறைப்பதை விட்டுவிடக் கூடாது. தெருவோரக் கேமரா வைக்கும் சாதாரணத் திருடனுக்கு அந்தக் கணினி இல்லை. விசைப்பலகையை ஒட்டினாற்போல், முழுக் கையால் கூரை போட்டு மூடுங்கள்.

உங்கள் விரல் சூடும் காட்டிக்கொடுக்கும், தெரியுமா? 2011-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. பிளாஸ்டிக் விசைகளில் எண்ணை அழுத்திவிட்டுப் போன உடனே வெப்பக் கேமராவால் பார்த்தார்கள். எந்தெந்த விசை தொடப்பட்டது என்று 80 சதவீதத்துக்கும் மேல் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழப் பாதி பலித்தது! உலோக விசைகளில் மட்டும் பலிக்கவில்லை, உலோகம் சூட்டை உடனே பரப்பிவிடுகிறது. ஏடிஎம்மில் பெரும்பாலும் உலோக விசைதான். கடைகளில் நீட்டும் ஸ்வைப் மெஷினில் இருப்பது பிளாஸ்டிக்கும் ரப்பரும். பதில் என்ன? எண்ணை அழுத்தி முடித்ததும் எல்லா விசைகள் மீதும் உள்ளங்கையை ஒரு கணம் வையுங்கள். தீர்ந்தது.

உங்கள் செல்போனே காட்டிக்கொடுக்கும்

மெக்ஸிகோவின் கான்கூன் கடற்கரை. நீலக் கடல், வெள்ளை மணல், உலகம் முழுவதிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள், ஓட்டலுக்கு ஓட்டல் ஏடிஎம். 2015-இல் அமெரிக்கச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் அங்கே போய் ஊர் ஊராகச் சுற்றினார். கையில் என்ன ஆயுதம்? செல்போன்! ஏடிஎம்மின் வயிற்றுக்குள்ளேயே திருடர்கள் புளூடூத் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். திருடிய கார்டு விவரங்களைச் சேர்த்து வைக்கும். கும்பலின் ஆள் பக்கத்தில் வந்து நின்று, மெஷினைத் தொடாமலே போனில் இறக்கிக்கொண்டு போய்விடுவான். அந்தக் கருவிகள் 'ஃப்ரீ2மூவ்' என்ற பெயரில் புளூடூத்தில் தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டிருந்தன. கிரெப்ஸ் தம் போனில் புளூடூத்தைத் திறந்து, பெயர் தெரிகிறதா என்று பார்த்தபடியே நடந்தார். கான்கூன், கோசுமேல், துலும் என்று ஒவ்வோர் ஊரிலும் அகப்பட்டன.

வெளியே ஒட்டிய கருவி இல்லை, உள்ளே இருப்பது. எப்படி உள்ளே போயிற்று? மெஷினைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களை, அவர்கள் மாதச் சம்பளத்தைப்போலப் பல மடங்கு லஞ்சம் தருவதாக ஆசை காட்டி அணுகியிருக்கிறார்கள் என்று எழுதினார் கிரெப்ஸ். ஆகவே என் தீர்ப்பு ஒன்றுதான். ஓட்டல் வரவேற்பறை, மருந்துக்கடை வாசல், இரவுச்சந்தை ஆகிய இடங்களில் தனியாக நிற்கும், எந்த வங்கியின் பெயரும் பெரிதாக இல்லாத ஏடிஎம்மைத் தொடாதீர்கள். வங்கிக் கிளைக்குள்ளேயே இருக்கும் ஏடிஎம்முக்கு, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போங்கள். கார்டு சிக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஊழியரிடம் அப்போதே சொல்லலாம்.

சிக்கிக்கொண்டால் என்றேனே, அதுவும் ஒரு தந்திரம்! கார்டு வாயில் மெல்லிய நாடாவை வைத்து, கார்டு உள்ளே போய் வெளியே வராதபடி செய்வார்கள். நீங்கள் திகைத்து நிற்கும்போது நல்லவர் ஒருவர் வருவார். "எனக்கும் நேற்று இப்படித்தான் ஆயிற்று, பின் நம்பரை இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள்" என்பார். நீங்கள் அழுத்துவதைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஏமாந்து நகர்ந்ததும் நாடாவை இழுத்தால் கார்டு அவர் கையில்! வெளியூரில் ஏடிஎம் முன்னால் வலிய வந்து உதவும் நல்லவரை நம்பாதீர்கள். அந்த இடத்தை விட்டு நகராமல், வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள்.

நம் ஊர் வங்கிக்கே நடந்தது

ஜப்பான் கதை தூரத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். 2018 ஆகஸ்ட் 11, அதுவும் ஒரு சனிக்கிழமை! புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்புக்குள் புகுந்தவர்கள், போலிக் கார்டுகளைக் கொண்டு 28 நாடுகளில் ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் சுமார் 78 கோடி ரூபாயை எடுத்தார்கள். இந்தியாவுக்குள் எடுத்ததையும், ஹாங்காங்குக்கு அனுப்பியதையும் சேர்த்தால் மொத்தம் 94 கோடி. அதற்கும் முன்பு, 2013 பிப்ரவரியில், ஓமானின் பேங்க் மஸ்கட்டுக்கு 24 நாடுகளில் பத்தே மணி நேரத்தில் 4 கோடி டாலர் போயிற்று. நியூயார்க்கில் மட்டும் ஒரு சிறு கும்பல் தெருத்தெருவாக ஓடி 2,904 தடவை பணம் எடுத்தது! அந்தக் கொள்ளையின் வேர் எங்கே போயிற்று தெரியுமா? அந்த வங்கியின் கார்டுக் கணக்குகளைக் கையாண்ட ஒரு வெளி நிறுவனத்தின் கணினிகளுக்கு.

உங்கள் விரல்நுனியில் ஒரு சுங்கச்சாவடி

இத்தனைக்கும் மாற்று மருந்து ஒன்று நம் எல்லோர் போனிலும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்?

2020 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. புதிதாகத் தரும் கார்டு எதுவும் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொடாமல் தட்டும் பயன்பாடு ஆகிய எல்லாவற்றையும் வாடிக்கையாளரே கேட்டுத் திறக்க வேண்டும். திறப்பதும் மூடுவதும், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு வைப்பதும் 24 மணி நேரமும் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும்!

இதன் வலிமையை நினைத்துப் பாருங்கள். உங்கள் கார்டின் நகல் பிரேசிலில் யாரோ ஒருவன் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருந்தால் அது வெறும் பிளாஸ்டிக். ஆகவே பாங்காக்கில் இறங்கிய பிறகு திறங்கள். ஊர் திரும்பியதும், விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூடுங்கள். நடுவில்கூட, ஏடிஎம்மில் எடுக்கப்போவதில்லை என்றால் ஏடிஎம் பிரிவை மட்டும் மூடி வைக்கலாம். பலர் செய்கிற தவறு என்ன தெரியுமா? ஐந்து வருஷம் முன்பு சிங்கப்பூர் போனபோது திறந்ததை இன்றுவரை மூடவில்லை! வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே கார்டு எண்ணையும் சிவிவியையும் மட்டும் கொண்டு பணம் போய்விடும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

சம்பளம் வரும் கணக்கின் டெபிட் கார்டை வெளிநாட்டில் நீட்டவே வேண்டாம் என்பேன். அதில் திருட்டு நடந்தால் போவது நம் கைப்பணம், மாதக் கடைசி வாடகை உள்பட. முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் இருப்பது போனாலும் ஏற்றிய அளவுதான் போகும். கிரெடிட் கார்டு என்றால் நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு முன்பே வழக்காடலாம்.

மூன்று நாள்! மறக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மேலும் தவறில்லை, வங்கி மேலும் தவறில்லை, நடுவில் எங்கோ தகவல் திருடுபோய்ப் பணம் போனது. அதுபற்றிய வங்கிச் செய்தி உங்களுக்குக் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால், உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம்! நாலு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், கணக்கின் வகையைப் பொறுத்து 5,000 முதல் 25,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் பொறுப்பு வங்கிக்கே.

இன்னும் இருக்கிறது. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையதுதான் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கியின் கடமை, உங்களுடையது அல்ல! ஆனால் ரகசிய எண்ணை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனதெல்லாம் உங்கள் கணக்கில்தான்.

எனவே வங்கியின் செய்தி உங்களை வந்தடைவது உயிர்நாடி. வெளிநாடு இறங்கியதும் உள்ளூர் சிம் போட்டுவிட்டு நம் சிம்மைக் கழற்றிப் பையில் போட்டால், 'பணம் எடுக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி எங்கே வரும்? மின்னஞ்சலுக்கும் தகவல் வரும்படி கிளம்புமுன் வங்கியில் பதிந்துவிடுங்கள். தங்கும் அறையில் வைஃபை கிடைத்ததும் அதைப் பாருங்கள்.

ரூபாயா, உள்ளூர்ப் பணமா?

இது திருட்டில் சேராது, சட்டப்படி நடக்கிறது. ஆனால் பணம் போவது போவதுதான். ஒரு வெளிநாட்டு விமான நிலையக் கடையில் பொம்மை வாங்கியபோது, மெஷின் என்னிடம் "இந்திய ரூபாயில் செலுத்தலாமா?" என்று கேட்டது. நம் ஊர்ப் பணமாயிற்றே என்று ஆசையாக ஆம் என்றேன். அறைக்கு வந்து கணக்குப் போட்டால், அன்றைய மாற்று விலையைவிட நன்றாகவே கூடுதல். நாணயத்தை மாற்றித் தரும் அந்தச் சேவைக்கான லாபத்தை விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு வேஷத்தில் வரும். "இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா?" என்று கேட்கும். மறுத்துவிட்டால் பணம் வராதோ என்று பயந்து ஏற்றுக்கொள்கிறார்கள். மறுத்தாலும் பணம் வரும்! உங்கள் வங்கியின் விலையில் வரும்.

நள்ளிரவு அழைப்பும் ஒட்டுத்தாளும்

ஓட்டல் அறையில் அசந்து தூங்குகிறீர்கள். நள்ளிரவில் அறைத் தொலைபேசி அடிக்கிறது. "வரவேற்பறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு ஏறவில்லை, எண்ணைச் சொன்னால் சரிசெய்துவிடுகிறோம், கீழே இறங்கி வரச் சிரமப்பட வேண்டாம்." எவ்வளவு கரிசனம்! பேசுபவர் ஊரிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஓட்டலுக்குப் போன் செய்து ஓர் அறை எண்ணைச் சொன்னால் இணைப்புக் கிடைத்துவிடுகிறது. "காலையில் நானே வருகிறேன்" என்று வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2022 தொடக்கத்தில் வாகன நிறுத்தக் கட்டண மெஷின்களில் போலி க்யூஆர் ஒட்டுத்தாள்கள் ஒட்டியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்கேன் செய்தால் அசல் போலவே ஒரு பக்கம் திறந்து கார்டு எண்ணைக் கேட்கும். ஒட்டுத்தாளின் மேல் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று நகத்தால் ஒரு தடவை நெருடிப் பார்த்துவிட்டால் போதும்.

கார்டை எடுக்காமலே சமாளிக்கக்கூடிய நாடுகளும் கூடி வருகின்றன. 2024 பிப்ரவரியில் பாரிஸின் ஈஃபில் கோபுரத்துக்கு டிக்கெட் வாங்க நம் யுபிஐ போதும் என்றானது. அதே மாதம் 12-ஆம் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் தொடங்கிவைக்கப்பட்டது. கொழும்புக் கடையில் பணம் கொடுக்கக் கார்டை நீட்டாவிட்டால், நகலெடுக்க அங்கே கார்டே இல்லை.

கடைசியாக ஒன்று. கார்டு தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண் எங்கே அச்சாகியிருக்கிறது? கார்டின் முதுகிலேயே! கார்டு போனால் எண்ணும் போய்விடும். அங்கே இருக்கும் 1800 என்று தொடங்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதும் இல்லை. +91 என்று தொடங்கும் எண்ணை உங்கள் வங்கியின் இணையதளத்தில் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி, பர்ஸில் அல்லாமல் பெட்டியில் வையுங்கள். கூட வருபவர் பெட்டியிலும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.